காற்றுக்கலனில் தேங்கும் நீர்

(சரக்குந்து ஓட்டுநரும் பட்டறைத் தொழிலாளரும் கூடிய அவையில் படிக்கப்பெற்ற உரை)

ஊருக்கு உணவும் உடையும் சுமந்து இரவென்றும் பகலென்றும் பாராமல் உந்தோட்டும் உழைப்பாளிகளே! கரியும் நெய்யும் படிந்த கைகளால் அவ்வுந்துகளை உயிரோடு வைத்திருக்கும் பட்டறைத் தொழில்வல்லவர்களே!

இவ்வுரைக்குப் பொருளாக எடுத்துக் கொள்ளப்பட்டது மிகச் சிறியதொரு வினை. அதைச் செய்து முடிக்க ஐந்தாறு மணித்துளிகள் போதும். காசு செலவில்லை, பெருங்கருவி எதுவும் வேண்டா. குனிந்து ஒரு திருகைத் திறந்து மூடும் கை இருந்தால் போதும். ஆயினும் அச்சிறு வினையை நாளை நாளை என்று தள்ளிப் போடுவதால் வரும் தீங்கோ சிறிதன்று. மலைச்சரிவில் இறங்கும் சரக்குந்து நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமற் போவதற்கு அதுவும் ஒரு கரணியமாகின்றது. சரக்குந்தின் அடியில் தொங்கும் காற்றுக்கலன்களில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்து விடுதல் என்பதே அவ்வினை.

பட்டறைகளில் 'ஏர் பிரேக்' என்று வழங்குவது இவ்வுரையில் காற்றுத் தடுப்பி எனப்படும். 'ஏர் டேங்க்' என்பது காற்றுக்கலன். 'கம்பிரசர்' என்பது காற்றழுத்தி. 'வால்வு' என்பது தடுக்கிதழ். சொல் எதுவாயினும் பொருள் விளங்கினால் கை தானே வினை செய்யும்.

கலன் பிறந்த வரலாறு

காற்றைக் கொண்டு ஊர்தியை நிறுத்தும் முறை முதலில் தொடர்வண்டிக்கே உண்டாயிற்று. அதற்கு முன்னெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே தடுப்பி இருந்தது. ஓடும் வண்டியின் கூரைமேல் ஆட்கள் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவிச் சென்று, கைத்திருகைச் சுழற்றித்தான் வண்டியை நிறுத்த வேண்டும். தவறி விழுந்து மாண்டவர் பலர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த சார்சு வெசுட்டிங்கவுசு என்பவர் 1869-ஆம் ஆண்டில் காற்றுத் தடுப்பிக்குக் காப்புரிமை பெற்றார். பொறியிலிருந்து நீண்டதொரு குழாய்வழி அழுத்தக் காற்று எல்லாப் பெட்டிகளுக்கும் சென்று தடுப்பியை இறுக்கியது.

ஆனால் அம்முதல் அமைப்பில் ஒரு குறை இருந்தது. குழாய் எங்கேனும் அறுந்தால் காற்று வெளியேறிவிடும்; வண்டி முழுவதற்கும் தடுப்பியே இல்லாமற் போகும். இக்குறையை அவரே 1872-ஆம் ஆண்டளவில் நீக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் காற்றுக்கலன் வைத்து, குழாயில் அழுத்தம் குறைந்தால் அக்கலனில் உள்ள காற்று தானே பாய்ந்து தடுப்பியை இறுக்குமாறு செய்தார். 1893-இல் அமெரிக்க நாடு தொடர்வண்டிகளுக்கு இத்தகைய தடுப்பியைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது.

ஆகவே, காற்றுக்கலன் என்பது ஏதோ அடியில் தொங்கும் ஒரு தகர உருளை அன்று. மற்றவை பழுதுபட்ட போதும் உயிரைக் காக்கக் கைவசம் வைத்திருக்கும் காற்றுச் சேமிப்பே அது. சேமிப்பு உண்மையில் இருக்க வேண்டும். இருப்பதுபோல் தோன்றுதல் போதாது. இவ்வுரையின் கருத்து முழுவதும் இதனுள் அடங்கும்.

சரக்குந்தில் காற்று செய்யும் வேலை

சிற்றுந்தில் மிதியை அழுத்தினால், கால் கொடுத்த விசை குழாயில் உள்ள நெய்வழிச் சென்று உருளிகளைப் பற்றுகிறது. 16 டன்னும் 25 டன்னும் அதற்கு மேலும் சுமந்து ஓடும் சரக்குந்தை அவ்வாறு ஒருவர் காலின் விசையால் நிறுத்த இயலாது. அங்கே மிதியை மிதிக்கும் கால் காற்றுக்கு வழி திறந்து விடுகின்றது, அவ்வளவே. நிறுத்தும் வேலை முழுவதையும் காற்றே செய்கின்றது.

உந்தின் பொறியோடு இணைந்து ஓடும் காற்றழுத்தி வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்திக் கலன்களில் நிரப்புகின்றது. ஒரு சதுரச் செந்திமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ அழுத்தம் வந்ததும் நிரப்புதல் தானே நிற்கும். அழுத்தம் சிறிது குறைந்ததும் மீண்டும் தொடங்கும். மிதியை மிதித்தால், கலனிலுள்ள காற்று உருளிக்கு அருகே உள்ள தடுப்பறைக்குள் பாய்ந்து, அங்குள்ள இரப்பர்ச் சவ்வைத் தள்ளும். பேருந்துகளிலும் சரக்குந்துகளிலும் பரவலாக உள்ள ஒருவகைத் தடுப்பறையின் சவ்வுப் பரப்பு 30 சதுர அங்குலம். அஃதாவது ஏறத்தாழ 190 சதுரச் செந்திமீட்டர். அதன்மேல் 7 கிலோ அழுத்தத்தில் காற்று பாய்ந்தால் உண்டாகும் தள்ளுவிசை 1,300 கிலோவுக்கும் மேலாகும். ஓர் உருளிக்கே இவ்வளவென்றால் எல்லா உருளிகளுக்கும் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்தனை வலிமையும் அந்தக் கலனுக்குள் இருந்துதான் வருகின்றது.

நீர் எங்கிருந்து வந்தது?

கலனில் யாரும் நீர் ஊற்றுவதில்லை. குழாய்வழி மழை புகுவதுமில்லை. பின் நீர் எங்கிருந்து வருகின்றது என்று வியப்பவர் உண்டு. காற்றிலேயே நீர் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத ஆவியாக அது கலந்திருக்கின்றது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மிகுதியாகவும் உள்நாட்டு வறள்நிலங்களில் குறைவாகவும் இருக்குமேயன்றி, அறவே இல்லாத இடம் இல்லை.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட வெளியில் அடங்கும் காற்று, 30 பாகை வெப்பத்தில், ஏறத்தாழ 30 கிராம் நீரை ஆவியாகத் தாங்க வல்லது. அதற்கு மேல் தாங்காது. ஈரம் மிகுந்த ஒரு நாளில் அதில் 24 கிராம் இருப்பதாகக் கொள்வோர் தவறுவதில்லை. அந்தக் காற்றைக் காற்றழுத்தி 8 கிலோ அழுத்தத்துக்கு நெருக்கினால், அதன் பருமன் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கிய அவ்வெளி 30 பாகைக்குக் குளிர்ந்தபின் தாங்கக் கூடிய ஆவியும் ஒன்பதில் ஒரு பங்குதான். மூன்றரைக் கிராமுக்கும் குறைவு. எஞ்சிய 20 கிராமுக்கு மேற்பட்டதெல்லாம் நீராக உதிர்ந்தே ஆக வேண்டும்.

காற்றழுத்தியை விட்டு வெளிவரும்போது காற்று கொதிநீரினும் மிக்க சூட்டோடு வருகின்றது. அச்சூட்டில் நீர் ஆவியாகவே இருக்கும். குழாய்வழி வந்து கலனில் தங்கிக் குளிரும்போதுதான் துளித்துளியாக அடியில் விழும். காற்றழுத்திக்கு அடுத்துள்ள முதற்கலனில்தான் மிகுதியான நீர் சேரும். பட்டறையார் அதை 'வெட் டேங்க்' என்பர். ஈரக்கலன் என்று கூறலாம். அதைத் தாண்டி வரும் ஈரம் முன் உருளிகளுக்கும் பின் உருளிகளுக்கும் உரிய மற்றக் கலன்களில் படியும்.

20 இலிட்டர் கொள்ளும் கலனை ஒருமுறை நிரப்புவதில் சேரும் நீர் மூன்று நான்கு கிராமே. ஆனால் தடுப்பியை மிதிக்கும்போதெல்லாம் காற்று செலவாகின்றது. செலவான காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று புதிய ஈரத்தோடு வருகின்றது. காற்று வெளியேறிவிடும், நீர் உள்ளேயே தங்கிவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே நன்மைக்கன்றித் தீமைக்கு உரிய சொல்லாகின்றது.

அழுத்த அளவி சொல்லாத செய்தி

ஓட்டுநர் முன்னே அழுத்த அளவி உள்ளது. முள் 8 கிலோவில் நிற்கக் கண்டால் மனம் நிறைவடைகின்றது. அளவி பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது அழுத்தத்தை மட்டுமே. எவ்வளவு காற்று உள்ளது என்பதை அது சொல்லாது. 20 இலிட்டர்க் கலனில் 10 இலிட்டர் நீர் நின்றாலும் எஞ்சிய பாதியில் உள்ள காற்று 8 கிலோ அழுத்தத்தில்தான் இருக்கும்; முள்ளும் 8 என்றே காட்டும். இன்னும் கேட்டால், நீர் நிறைந்த கலன் விரைவாகவே நிரம்பும். "காற்று நன்றாக ஏறுகிறது" என்று ஓட்டுநர் மகிழவும் கூடும்!

இதனால் விளையும் வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காண்பது நல்லது. ஒரு சுற்றுக்கு 20 இலிட்டர்க் கலன், தடுப்பியை முழுதாக ஒருமுறை மிதித்தால் தடுப்பறைகள் நிரம்ப ஒன்றரை இலிட்டர் வெளி வேண்டும், தொடக்க அழுத்தம் 8 கிலோ, புதுக்காற்று வரவில்லை. இவ்வாறு வைத்துக்கொண்டு எட்டு முறை மிதித்தால் நேர்வது இது: நீரில்லாத கலனில் அழுத்தம் நாலரைக் கிலோவுக்கு இறங்கும். 5 இலிட்டர் நீர் நின்றால் 3.7 கிலோவுக்கு இறங்கும். 10 இலிட்டர் நீர் நின்றால் 2.6 கிலோவுக்கு இறங்கிவிடும்.

அழுத்தம் 4.2 கிலோவை நெருங்கும்போது எச்சரிக்கை ஒலியோ ஒளியோ எழுமாறு அமைந்த உந்தாயின், தூய கலனில் ஒன்பதாம் மிதியில் வர வேண்டிய எச்சரிக்கை, 5 இலிட்டர் நீருள்ள கலனில் ஏழாம் மிதியிலும், 10 இலிட்டர் நீருள்ள கலனில் ஐந்தாம் மிதியிலும் வந்துவிடும். மலைச்சரிவில் அந்த நான்கு மிதிகளின் விலை என்ன என்பதை ஓட்டுநர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளியல் ஆணையம் வகுத்த 13-ஆம் எண் தடுப்பி நெறி இதே கருத்தில்தான் கலனின் அளவை வரையறுக்கின்றது. புதுக்காற்று வராத நிலையில் எட்டு முறை முழுதாக மிதித்த பின்னும், இடர்க்காலத் தடுப்புக்குப் போதிய அழுத்தம் கலனில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அந்நெறி. அதற்கேற்பக் கணக்கிட்டுக் கலனைப் பொருத்துவோர் காற்று நிற்கும் கலனைத்தான் பொருத்துகின்றனர். அதை நீர்த்தொட்டியாக்குவது பின்வந்த புறக்கணிப்பே.

வேறு தீங்குகள்

நீர் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. இரும்புக் கலனின் உள்ளே துரு ஏறுகின்றது. துருவின் செதில்கள் காற்றோடு சென்று தடுக்கிதழ்களில் படிகின்றன. இதழ் சரியாக மூடாமற் போனால் காற்று கசியும். சரியாகத் திறவாமற் போனால் ஓர் உருளி பற்ற, மற்றோர் உருளி பற்றாமல் உந்து ஒரு பக்கம் இழுக்கும். துருவேறிய கலன் அடியில் மெலிந்து ஓட்டையாகவும் கூடும்.

நீரோடு எண்ணெயும் வருகின்றது. காற்றழுத்தியின் ஆடுதண்டு வளையங்கள் தேய்ந்தால் உயவெண்ணெய் காற்றோடு கலந்து கலனுக்கு வரும். நீரும் எண்ணெயும் கலந்த குழம்பு இரப்பர் உறுப்புகளை ஊதச் செய்யும், இளக்கிக் கெடுக்கும். காற்றழுத்தியின் சூட்டில் கருகிய எண்ணெய் குழாயின் உட்புறத்தில் கரியாகப் படிந்து வழியையே குறுக்கிவிடும்.

குளிர்நாட்டில் இன்னொரு கேடு உண்டு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புறப்படும் சரக்குந்துகள் தமிழ்நாட்டு எல்லையோடு நிற்பவை அல்ல. வடக்கே மலைநாடுகள் வரை செல்பவை. காசுமீரத்தில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோசிலா கணவாய் போன்ற இடங்களில் கலனிலும் குழாயிலும் உள்ள நீர் பனிக்கட்டியாக உறையும். உறைந்த துண்டு ஒன்று குழாயை அடைத்தால் மிதித்த மிதி வீணாகும். சமவெளியில் ஓடியபோது தீங்கு செய்யாததுபோல் கிடந்த நீரே அங்கே வழியை அடைத்து நிற்கும்.

வடிக்கும் முறை

வடித்தல் எளிய வினையே. எளிய வினைக்கும் ஒழுங்கு உண்டு.

முதலாவது, நாளின் ஓட்டம் முடிந்தபின் வடிக்க வேண்டும். அப்போதுதான் அன்றைய நீர் அன்றே வெளியேறும். இரவெல்லாம் கிடந்து துருவை வளர்க்காது. 

இரண்டாவது, உந்து சமநிலத்தில் நிற்க வேண்டும். பொறியை அணைத்து, நிறுத்தத் தடுப்பியை இட்டு, உருளிகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தல் வேண்டும். காற்று வெளியேறிய பின் சுருள்வில் தடுப்பி தானே பற்றும் என்பது உண்மையே. ஆயினும் எல்லாப் பழைய உந்துகளிலும் அவ்வமைப்பு இருக்கும் என்பதற்கோ, இருப்பதும் செம்மையாக வேலை செய்யும் என்பதற்கோ உறுதியில்லை. முட்டுக்கட்டையின்றி உந்தின் அடியில் ஒருபோதும் நுழைதல் கூடாது.

மூன்றாவது, ஈரக்கலனை முதலில் வடிக்க வேண்டும். மற்றக் கலன்களை முதலில் திறந்தால் அவற்றில் அழுத்தம் குறையும். ஈரக்கலனில் உள்ள ஈரக்காற்று அங்கே பாய்ந்து நீரை இங்கிருந்து அங்கே கொண்டு சேர்க்கும். ஆதலின் ஈரக்கலன் முதலிலும் மற்றவை பின்னரும் என்னும் வரிசை மாறலாகாது.

நான்காவது, கலனின் அடியிலுள்ள வடிதிருகை மெல்லத் திறக்க வேண்டும். சில உந்துகளில் திருகும், சிலவற்றில் இழுக்கும் வளையமும் இருக்கும். முகத்தை அப்பால் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்தோடு வரும் துருத்துகள் கண்ணைக் கெடுக்கும். நீர் வந்து, பின் நீரும் காற்றும் கலந்து வந்து, இறுதியில் வெறுங்காற்று வரும். வெறுங்காற்று வந்ததும் மூடிவிடுவோர் பலர். அழுத்தம் முழுதும் இறங்கும்வரை திறந்தே விட்டால்தான் அடியில் படிந்த குழம்பும் வழிந்தோடும்.

ஐந்தாவது, எந்தக் கலனையும் விட்டுவிடலாகாது. உந்தில் எத்தனை கலன் என்பதை ஓட்டுநர் எண்ணி அறிந்திருக்க வேண்டும். மூன்றை வடித்து, எட்டாத இடத்தில் உள்ள நான்காவதை ஆண்டுக்கணக்காக மறந்துவிடுவதும் உண்டு. இணைவண்டி பூட்டிய உந்தாயின் இணைவண்டியின் கலனும் கணக்கில் சேர வேண்டும்.

வடித்து மூடியபின் மறுநாட் காலையில் பொறியை இயக்கி அழுத்தம் ஏறுவதைக் காண வேண்டும். அமெரிக்க நாட்டில் பெருவுந்து ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்க வேண்டிய கையேடு இதற்கு அளவு கூறுகின்றது. இருசுற்று அமைப்பில், பொறி உரிய விரைவில் ஓடும்போது, அழுத்தம் ஏறத்தாழ 6 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு 45 நொடிக்குள் ஏற வேண்டும். அதன்பின் பொறியை அணைத்து, மிதியை அழுத்திப் பிடித்தால், ஒரு மணித்துளியில் தனியுந்தில் 0.2 கிலோவுக்கு மேல் இறங்கலாகாது. மிதியை விட்டுவிட்டு மிதித்து அழுத்தத்தைக் குறைத்தால் 4.2 கிலோவுக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை எழ வேண்டும். மேலும் குறைத்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 3.2 கிலோவுக்கும் 1.4 கிலோவுக்கும் இடையில் சுருள்வில் தடுப்பி தானே பற்ற வேண்டும். ஏதேனும் ஒன்று பிழைத்தாலும் உந்து புறப்படலாகாது. பட்டறைக்கே செல்ல வேண்டும்.

நீரின் நிறம் சொல்லும் நோய்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் பட்டறைத் தொழிலாளி வடிநீரைப் பார்த்து நோயறிய இயலும். தெளிந்த நீர் சிறிது வந்தால் அஃது இயல்பு. செந்நிறமாக வந்தால் கலனுக்குள் துரு ஏறியுள்ளது. பால்போல் வெளிறிக் குழம்பாக வந்தால் எண்ணெய் கலந்துள்ளது. காற்றழுத்தியின் வளையங்களைப் பார்த்தல் வேண்டும். கருநிறமாக வந்தால் எண்ணெய் கருகியுள்ளது. காற்றழுத்தி மிகையாகச் சூடேறுகின்றது. எங்கோ கசிவு இருந்து அது ஓய்வின்றி ஓடுகின்றதோ எனத் தேடுதல் வேண்டும். ஓட்டுநர் வடிநீரைத் தரையில் விட்டு மறப்பதைவிட, ஒருமுறை ஒரு தாழியில் ஏந்திப் பார்த்தால், பெரும்பழுதைச் சிறுசெலவில் தடுத்தவராவார்.

"காற்றுலர்த்தி உண்டே, பின் ஏன் வடிக்க வேண்டும்?" என்று கேட்போர் உளர். புதிய உந்துகளில் 'ஏர் டிரையர்' எனப்படும் காற்றுலர்த்தி பொருத்தப்பட்டிருப்பது உண்மை. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குடுவை வழியே காற்றைச் செலுத்தி உலர்த்தி அனுப்புகின்றது அது. அழுத்தம் நிறைந்ததும் 'புசு'க்கென்று ஒலி எழுகின்றதே, அப்போது தான் பிடித்த ஈரத்தை அது வெளியே உமிழ்கின்றது. அரிய அமைப்புத்தான். ஆனால் மணிகளுக்கும் வாழ்நாள் உண்டு. எண்ணெய் படிந்தால் அவை ஈரத்தை உறிஞ்சா. குடுவையை உரிய காலத்தில் மாற்றாத உந்தில் உலர்த்தி பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே உலர்த்தி உள்ள உந்திலும் கிழமைக்கு ஒருமுறையேனும் கலனைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஒன்றும் வாராவிடின் உலர்த்தி நலமாக உள்ளது. நீர் வந்தால் அதற்கு முடிவு வந்துவிட்டது.

மலைச்சரிவில் நேரும் கூட்டுக்கேடு

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. வடக்கேயிருந்து வரும் சுமையுந்துகள் அங்கே நெடுந்தொலைவு இறக்கத்தில் வர வேண்டும். கட்டிழந்த சரக்குந்துகள் முன்சென்ற ஊர்திகளின்மேல் மோதிப் பலர் மாண்ட நேர்ச்சிகள் அவ்விடத்தில் ஒன்றல்ல, பல. சத்தியமங்கலத்துக்கு அப்பால் திம்பம் மலைவழியில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இடங்களில்தான் கலனுக்குள் இருக்கும் நீர் தன் கேட்டை வெளிப்படுத்துகின்றது.

இறக்கத்தில் எரிநெய்யை மிச்சப்படுத்தலாம் என்றெண்ணிப் பல்லிணையைக் கழற்றி 'நியூட்ரலில்' விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பொறியையே அணைத்து விடுவோரும் உளர். பல்லிணை கழன்றதும் பொறி உந்தைப் பின்னிழுத்துப் பிடிக்கும் ஆற்றல் அற்றுப் போகின்றது. அதனால் தடுப்பியை மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டியதாகின்றது. மிதிக்க மிதிக்கக் காற்று செலவாகின்றது. பொறி மெல்ல ஓடுவதால் காற்றழுத்தி சிறிதளவே காற்றைத் தருகின்றது. பொறி அணைந்திருந்தாலோ சிறிதும் தருவதில்லை. அந்நேரத்தில் எஞ்சி நிற்பது கலனிலுள்ள சேமிப்பு ஒன்றே. அக்கலனில் பாதி நீராயிருந்தால் சேமிப்பும் பாதிதான். இதற்கிடையில் தடுப்பி உருளைகளும் சூடேறிப் பற்றும் ஆற்றலை இழக்கின்றன. மூன்று கேடுகளும் ஒன்றுசேரும் இடத்தில் ஓட்டுநரின் திறமை எவ்வளவாயினும் பயன்படாது.

ஆதலின் இறக்கம் தொடங்கும் முன்பே உந்தைத் தாழ்ந்த பல்லிணைக்குக் கொண்டுவந்து, புகைவழித் தடுப்பி இருப்பின் அதையும் இட்டு, பொறியின் பிடியிலேயே இறங்க வேண்டும். ஒருமுறை காற்றுக்கு மிச்சப்படுத்தும் எரிநெய் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கடமை யாருடையது?

நேர்ச்சி நேர்ந்ததும் "தடுப்பி பற்றவில்லை" என்று ஓட்டுநர் கூறுவார். "ஓட்டுநரின் கருத்தின்மை" என்று உரிமையாளர் கூறுவார். வழக்குமன்றத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஓட்டுநரே. சிலவேளை நிற்பதற்கும் அவர் உயிரோடு இருப்பதில்லை. துணையாளாக வந்த இளைஞனின் தாய்க்கு எந்த விளக்கமும் ஆறுதல் தருவதில்லை.

கலனை வடிக்க வேண்டியவர் ஓட்டுநர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குரிய நேரத்தை அவர்க்குத் தர வேண்டியவர் யார்? 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் கிழமைக்கு 48 மணி நேரமுமே வேலை என வரம்பிட்டது. அவ்வரம்பு ஏட்டில் நிற்க, இரவு முழுதும் ஓட்டி விடியலில் சரக்கிறக்கி உடனே திரும்பி வா என்று ஏவப்படும் ஓட்டுநர், உறங்க நேரமின்றித் தவிக்கையில், உந்தின் அடியில் குனிந்து திருகைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு முறையாகும்? ஒவ்வொரு நாளும் பத்து மணித்துளியை உந்தின் நலத்துக்கென ஒதுக்கிக் கூலியோடு தருவது உரிமையாளரின் கடமை. தேய்ந்த வளையத்தையும் காலம் கடந்த உலர்த்திக் குடுவையையும் மாற்றித் தருவதும் அவர் கடமையே. ஒரு குடுவையின் விலையை மிச்சம் பிடித்து ஓர் உந்தையும் ஓர் ஓட்டுநரையும் இழந்தவர் ஊதியம் பெற்றவராகார்.

இன்னொரு செய்தியும் உண்டு. உந்தோடு வரும் கையேடு ஓட்டுநர்க்குப் புரியாத மொழியில் இருந்தால் அது பெட்டிக்குள் கிடந்து மட்கும் தாளே. ஆகவே கலன்களுக்கு அருகில், வண்ணநெய்யால், "நாள்தோறும் வடிக்க" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நன்று. கலன்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டால் வடிக்கும் வரிசையும் மறவாது. ஓட்டுநர் வேற்று மொழியினராயின் அவர் மொழியிலும் எழுதுதல் வேண்டும். உயிர் காக்கும் செய்தி அவரவர் தாய்மொழியில் அவரவர்க்கு எட்டுவதே அறம்.

பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உருளிப்பட்டை மாற்றவோ ஒளிவிளக்குப் பார்க்கவோ ஓர் உந்து வரும்போது, கேளாமலே ஈரக்கலனைத் திறந்து பார்த்து, நீர் வந்தால் ஓட்டுநரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். தன் உந்திலிருந்து நாலைந்து இலிட்டர் செந்நீர் வழிவதைக் கண்ணால் கண்ட ஓட்டுநர் அதன்பின் அத்திருகை மறவார்.

தோழர்களே! பொறியியலில் பெருங்கேடுகள் பெரும்பாலும் பெரிய கரணியங்களால் வருவதில்லை. செய்ய எளிதாயிருப்பதாலேயே செய்யாமல் விடப்படும் சிறு வினைகளால் வருகின்றன. இன்று மாலை உந்தை நிறுத்தியதும் முட்டுக்கட்டை இடுக. கலன்களை எண்ணுக. ஈரக்கலனை முதலில் திறக்க. வந்த நீரின் நிறத்தைக் காண்க. காற்று முழுதும் இறங்கும்வரை பொறுத்திருந்து, மற்றவற்றையும் வடித்து, மூடுக. நாளைக் காலை அழுத்த அளவியின் முள் 8-ஐத் தொடும்போது, அது காட்டும் அழுத்தத்தோடு கலன் நிறையக் காற்றும் இருக்கும். தொப்பூர் இறக்கத்தில் முன்னே செல்லும் சிற்றுந்தில் இருக்கும் குழந்தைக்கும், உந்தின் உள்ளே இருக்கும் ஓட்டுநர்க்கும் ஏமமாவது அக்காற்றே.